கே, ஓ, டீ

ஆரம்பத்தில் நானும்
படிப்படியாகத்தான் இறங்கினேன்.
சீடி, தரவு. சீடி, கிளைகள். சீடி, கொட்டாஞ்சேனை.
சீடி, இரண்டாயிரத்துப் பத்தொன்பது. சீடி, இரவு.
ஒவ்வொன்றுக்கும் ஓர் என்டர்,
ஒவ்வொரு என்டருக்கும் பின்னால்
வந்துவிட்டேனா என்று ஓர் எல்எஸ்.

கொம்பனித்தெருவில் ஒன்பதாம் மாடி.
வங்கியொன்றின் சேர்வர்களுக்கு
இராக்காவல் இருக்கும் வேலை.
பக்கத்து மேசை ருமைஸ் எட்டிப் பார்த்தான்:
"என்னடா, நூற்றியோராம் பஸ் மாதிரி
ஹோல்ட்டுக்கு ஹோல்ட் நிப்பாட்டிப் போற?"

ரோஷத்தில் அன்றிரவே பழகினேன்.
பாதிப் பெயரில் டேப்பைத் தட்டினால்
மீதியை அதுவே எழுதும்.
இரண்டு புள்ளி, ஒரு படி மேலே;
நாலு படி ஒன்றாய் ஏற
மொட்டைமாடி என்று ஒரு குறும்பெயர் வைத்தேன்.
சற்றுமுன் நின்ற இடத்துக்குச் சிறுகோடு போதும்,
ஆனால் அதற்கு ஒரேயோர் இடம்தான் ஞாபகம்.
இரண்டு அறைகளுக்கிடையில் சாவி தேடுகிறவன்போல
விடியும்வரை போய்வரலாம்.
புஷ்டீ இடங்களை அடுக்கி வைக்கும்,
பாப்டீ மேலே இருப்பதை முதலில் தரும்,
சாப்பாட்டுக் கடைப் பீங்கான்கள் மாதிரி.
ஒன்றும் சொல்லாமல் வெறும் சீடி என்றால் வீடு.
வீட்டுக்குக் குறி, ஓர் அலை.
வெள்ளவத்தையில் கடற்கரை ஒழுங்கையொன்றில்
வாடகைக்கு இருக்கும் எனக்கு
அது பிடித்திருந்தது.

பிறகு, ஸெட்.
அது கணக்கு வைத்திருக்கிறது:
எங்கே அடிக்கடி போகிறேன், எங்கே அண்மையில் போனேன்.
போகாத இடங்களை மெல்ல மறந்துவிடும்.
எனக்கும் அப்படித்தான்.
பம்பலப்பிட்டி ஃபிளாட் ஒன்றின் மூன்றாம் மாடி
இப்போது எந்த எழுத்துக்கும் வருவதில்லை.

காலி வீதிக் கண்டக்டர்களுக்கு இது புதிதா என்ன?
பம்பல, வெள்ள, தெஹி என்று
ஊர்களின் வாலை வெட்டிக் கூவுகிறார்கள்.
யாரும் மாறி ஏறுவதில்லை.

ஓகஸ்டில் ஓர் இரவு, இரண்டு நாற்பது.
கொட்டாஞ்சேனைக் கிளையின் டிஸ்க்
தொண்ணூற்றெட்டு வீதம்.
பழைய பதிவுகளை அழித்தால் மூச்சு வரும்.
ஸெட், இடைவெளி, கே, ஓ, டீ.
இமைக்குமுன் உள்ளே.
அழிக்கும் கட்டளை. நட்சத்திரக் குறி.
விரல் என்டருக்கு மேலே.

ஏன் நிறுத்தினேன், தெரியாது.
ருமைஸ் தும்மினான் என்று நினைக்கிறேன்.
வரியைத் துடைத்துவிட்டு
பீ, டபிள்யூ, டீ என்று தட்டினேன்:
நான் எங்கே நிற்கிறேன்?

கோட்டே, என்றது திரை.

அந்தக் கிழமை முழுக்க
கோட்டேக் கிளையோடுதான் மாரடித்திருந்தேன்.
அதற்கும் அதே மூன்று எழுத்து.
என் காலடிகளை எண்ணி
சரியாகத்தான் கொண்டுவந்து விட்டிருக்கிறது, பாவம்.

கொட்டாஞ்சேனைக்கு அன்று நடந்தே போனேன்.
சீடி. எல்எஸ். சீடி. எல்எஸ்.
ஒவ்வொரு ஹோல்ட்டிலும் இறங்கி
பெயர்ப்பலகை வாசித்து.
ருமைஸிடம் சொல்லவில்லை.

ஆறுமணி பஸ்ஸில் தூங்கிப்போய்த்
திடுக்கிட்டு விழித்தேன். கண்ணாடியெல்லாம் மழை.
துடைத்தும் ஒன்றும் தெரியவில்லை.
"மே கொஹேத?" என்றேன், பொதுவாக.
"தெஹி, தெஹி" என்றார் கண்டக்டர்.

வீடு பின்னால் போய்விட்டது.
சிறுகோடு, என்று முணுமுணுத்தபடி
இறங்கி எதிர்ப்பக்கம் கடந்தேன்.