இடது காது

செல்லூர்த் தறிச் சத்தத்தில்
இடதுபக்கம் ஒருக்களித்து
அசையாமல் தூங்கினாள்.
சமத்துப் பிள்ளை என்றது தெரு.
நானும் பெருமைப்பட்டேன்
பதினோரு நாள்.

பெரியாஸ்பத்திரியில் காதுக்குள் குமிழ் செருகி
வலதில் ஒன்றும் வரவில்லை என்றார்கள்.
எச்சிலைப் பஞ்சில் ஒற்றினார்கள்;
மூன்று வாரம் தாண்டினால்
பிறவியிலேயே வந்ததா என்று சொல்ல முடியாதாம்.
சைட்டோமெகலோ.
சீட்டின் பின்னால் இவர் தமிழில் எழுதிக்கொண்டார்,
கடன்காரன் பேர் போல.

மாசமாக இருந்தபோது காய்ச்சல் வந்ததா, டாக்டரம்மா கேட்டார்.
காய்ச்சலா அது? ரெண்டு நாள் அசதி.
அங்கன்வாடிக்கு லீவுகூடப் போடவில்லை.
லிங்கேஷ் பாதி கடித்து நீட்டிய
சத்துமாவு உருண்டையை
வாயில் போட்டுக்கொண்டேன், அப்படியொரு பசி.
அவன் மூக்கை முந்தானையில் துடைத்தேன்.
அதிலா, வேறெதிலா,
தெரியாது, யார் தப்பும் இல்லை என்றார்.
தலையாட்டினேன்.
ராத்திரி அந்தச் சேலையை
மறுபடியும் துவைத்தேன்.

மருந்து ஆறு மாசம்.
அடிக்கடி ரத்தம் எடுக்கணும்.
இடது இப்போதைக்குக் கேட்கிறது,
போகப்போகப் பார்க்கணும்.

பேர் வைக்கிற அன்று
நாத்தனார் குனிந்து
வலது காதில் மூன்று தரம் சொன்னாள்
ஆதிரை, ஆதிரை, ஆதிரை.
யாரும் எதுவும் சொல்லவில்லை.

எல்லாரும் பந்திக்கு எழுந்ததும்
பிள்ளையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.
அவள் பேரைச் சொன்னேன். என் பேரை.
அப்புறம் அவசர அவசரமாக
தறி, குழாய், முருங்கைமரம், பிரியாணி அண்டா,
கரண்ட் போச்சு, வந்துருச்சு.

கதவோரம் விரல் சூப்பிக்கொண்டு
லிங்கேஷ் நின்றான்.
அவன் பேரையும் சொன்னேன்.