இரண்டு பி.எஸ்.ஐ.

தொழிற்சாலை இந்த இன்ஜினைச் செய்தபோது
என்னை நினைத்துச் செய்யவில்லை.
முகம் தெரியாத ஒருவருக்காகச் செய்தது:
மலிவு பெட்ரோல் போடுகிறவர்,
ஆயில் மாற்ற மறக்கிறவர்,
நாற்பத்து மூன்று டிகிரியில்
நாய், பிள்ளைகள், கூடாரம் எல்லாம் ஏற்றிக்கொண்டு
மேட்டில் நான்காம் கியரிலேயே மிதிக்கிறவர்.
அவருக்கென்று கொஞ்சம் விசையைச்
செலவழிக்காமல் வைத்திருந்தார்கள்,
முந்தானையில் முடிந்த காசு மாதிரி.

நான் அந்த முடிச்சை அவிழ்த்தேன்.

ஜூலை. டாண்டினாங் தெற்கு.
காலை ஏழரை, வெளியே ஆறு டிகிரி.
மிலோஷின் பட்டறையில்
உருளைகள்மேல் வாரால் கட்டிப்போட்ட கார்
நின்ற இடத்திலேயே
நூற்று நாற்பதில் ஓடியது.

அகலமான டவுன்பைப்: ஆறு இரவு ஓவர்டைம்.
இன்டர்கூலர்: ஊருக்குப் போகாத ஒரு டிசம்பர்.
இன்ஜெக்டரும் பம்பும்
கேட்காதீர்கள்.

"அளவுக்கு மிஞ்சினா அக்கா..."
என்று ஆரம்பித்தார் செண்பகராஜன்,
தங்கை வீட்டுக்காரர்.
அளவு எத்தனை பி.எஸ்.ஐ. என்றேன்.
டீயைக் குடித்தார்.

மிலோஷுக்குத் தெரியும் அளவு.
பதினான்கு இருந்தது, பதினெட்டு.
ஒவ்வோர் ஓட்டத்துக்கும்
ஸ்பார்க்கை அரை டிகிரி முன்னே தள்ளிவிட்டுக்
காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்வான்.
இன்ஜின்மேல் ஒட்டிய மைக்கில்
உள்ளே தட்டுகிறதா என்று கேட்பான்.

தட்டல்:
தன் முறை வரும்வரை பொறுக்காமல்
ஓரத்து பெட்ரோல் தானே வெடிப்பது.
தகர டப்பாவில் கூழாங்கல் குலுங்கும்.
எத்தனை தட்டு தாங்கும் பிஸ்டன்?
உடைந்த பிறகுதான் எண்ண முடியும், என்றான்.

சக்கரத்தில் நூற்று அறுபது கிலோவாட் இருந்தது
இருநூற்றுப் பதின்மூன்று ஆயிற்று.
நான் போட்ட கூச்சல்
விசிறிச் சத்தத்தில் போய்விட்டது.

*

ஜனவரி. வடக்கத்திக் காற்று.
அவர் கார் ஒர்க் ஷாப்பில், ஒரு வாரம் என் காரைக் கேட்டார்.
தொண்ணூற்றெட்டு மட்டும்தான் போடணும் என்றேன்.
சரிக்கா.

திருப்பித் தந்தபோது டேங்க் நிறைந்திருந்தது.
"சோம்பேறிக் கார்க்கா,
மேடுன்னா மூச்சு வாங்குது."

டாஷ்போர்டில் ஒட்டிய சின்னத் திரை
எல்லாவற்றையும் எழுதி வைக்கும்.
லேப்டாப்பில் விரித்தேன்.
தொண்ணூற்றொன்று போட்டிருக்கிறார்,
லிட்டருக்கு முப்பது சென்ட் மிச்சம்.
தட்டலைக் கேட்டுக் கேட்டு
கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைப் பின்னிழுத்திருக்கிறது,
சூடு பட்ட விரல் போல.

திட்டுவதற்குப் போனை எடுத்தேன்.
அப்புறம் மற்ற வரிசைகளையும் பார்த்தேன்.

செவ்வாய், 9.10 முதல் 12.55:
வேகம் பூஜ்யம். இன்ஜின் ஓடுகிறது. ஏசி.
உள்ளிழுக்கும் காற்று எழுபத்தோரு டிகிரி.
1.30 முதல் 4.40: பூஜ்யம்.
புதன் அதே.
வியாழன் அதே.
எந்த மரத்தடி, எந்தக் கடை வாசல்
என்று அதற்குத் தெரியாது.
வெள்ளி மதியம் மூன்று மணி இரண்டு நிமிடம்:
பெடல் நூறு சதவீதம்.
விட்டு,
மறுபடி நூறு.
விட்டு,
மறுபடி.

"கிடங்கில இந்த மாசம் அவருக்கு
வேலை ஜாஸ்திக்கா" என்றாள் தங்கை.
போன் என் கையில்தான் இருந்தது.
ஆமா, வெயில் வேற, என்றேன்.

*

"பதினாறுக்கு இறக்கு" என்றேன் மிலோஷிடம்.
"தொண்ணூற்றொன்றுக்கும் தாங்கணும்."
உறுப்பு ஒன்றைத் தானம் கேட்டதுபோல் பார்த்தான்.
இன்ஜின் நன்றாகத்தானே இருக்கிறது?
இருக்கிறது.
பின்னே?
கடன் கொடுக்கிற கார், என்றேன்.

நூற்று எண்பத்தெட்டு.
தாளை மடித்து இருக்கைக்கு அடியில் வைத்தேன்.

சேமிக்கும் முன்
ஃபைலுக்கு என்ன பெயர் என்றான்.
எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.
பாதியில் தொலைந்துபோய்
மறுபடி முதலிலிருந்து கேட்டான்.