சக்கரத்தில் நூற்றிரண்டு

ஓசூரில் டிசம்பர் காலை.
ஷட்டரைத் தூக்கினால் பனிதான் முதலில் உள்ளே வரும்.
அதன் பின்னால் வந்தது சௌடப்பாவின் தக்காளி லாரி.

பின்சக்கரங்களை உருளைகளின் மேல் ஏற்றி
நாலு மூலையிலும் பட்டை போட்டு இறுக்கினேன்.
நின்ற இடத்திலேயே மேலுமலை ஏறப்போகிற வண்டி,
கட்டாவிட்டால் சுவரைத் தாண்டிவிடும்.

நாலாவது கியர். மிதி முழுக்க.
தகரக் கூரை அதிர்ந்தது,
ஆணியில் தொங்கிய காலண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டது.
திரையில் கோடு ஏறி, வளைந்து, நின்றது:
நூற்றிரண்டு.

"இலியாஸ் நூத்திருபதுன்னானே!
பிரிச்சுக் கட்ட எண்பதாயிரம் வாங்கினானே!
பதினெட்டுக் குதிரையை எவன் அவுத்துட்டுப் போனான்?"

இலியாஸ் வாசலில்தான் நின்றான்,
செல்போனில் ஏதோ படிப்பதுபோல.

யாரும் அவிழ்க்கவில்லை, சௌடப்பா.
எஞ்சினை நான் பார்ப்பதே இல்லை.
டயர் இந்த உருளையைத் தள்ளிய தள்ளு மட்டும்தான் எனக்குத் தெரியும்.
நடுவழியில்
கியர்பாக்ஸ் எண்ணெயைக் கலக்கியே களைத்தவை சில,
ஷாஃப்டின் முட்டியில் நொண்டியது ஒன்று,
டிஃபரன்ஷியலில் பல்லோடு பல் உரசித்
திசை திரும்புகையில் விழுந்தவை நாலைந்து,
பேரிங்கில், டயரின் பிதுங்கிய தொந்தியில்...

"நூத்துக்குப் பதினஞ்சு வழியில போகும்,
ஊர் உலகமே சொல்லுது" என்று
இலியாஸ் செல்போனில் தட்டினான்.
நூற்றிரண்டோடு பதினைந்து சதவீதம் சேர்த்தான்.
நூற்றுப் பதினேழே சொச்சம்.

"அப்பவும் ரெண்டே முக்கால் குறையுது!"

சேர்க்காதே இலியாஸ், வகு.
போனது, வந்ததில் பதினைந்து இல்லை,
கிளம்பியதில் பதினைந்து.

இருவருமே விழித்தார்கள்.
சௌடப்பாவின் சட்டையில் தக்காளி விதை ஒட்டியிருந்தது.
கேட்டேன்:
ராயக்கோட்டையில் ஏற்றியதில்
நூற்றுக்குப் பதினைந்து பெட்டி நசுங்கியது.
மார்க்கெட்டில் நல்லதாக இறங்கியது நூற்றிரண்டு.
ஏற்றியது எத்தனை?

விரல் மடக்கவில்லை, மேலே பார்க்கவில்லை.
"நூத்திருபது" என்றார்.
சொல்லிவிட்டுத்
தன் வாயைத் தானே கடிந்துகொள்வதுபோல உதட்டைக் கடித்தார்.

இலியாஸ் போனைப் பையில் போட்டான்.
அங்கேயே நான் ரசீது கிழித்திருக்கலாம்.

"ஆனா தினமும் பதினஞ்சா நசுங்கும்?
மழையில இருபது போகும். இந்தக் குளிர்ல எட்டுகூடப் போகாது.
பதினஞ்சுன்னு எந்தக் கணக்குப்பிள்ளை எழுதி வெச்சான்?"

மூன்று வருடமாக
இந்தத் திரைக்கு முன்னால் யாரும் கேட்காத கேள்வி.
கேட்டுவிடக் கூடாதே என்றும் இருந்தது எனக்கு.

மறுபடி வேகம் ஏற்றினேன். உச்சியில் கிளட்சை மிதித்து
அப்படியே விட்டேன்.
இப்போது எஞ்சின் விலகிக்கொண்டது,
இழப்பு மட்டும் தனியாக ஓடியது.
உருளைகள் மெல்ல மெல்லச் சோர,
எது அவற்றைப் பிடித்திழுக்கிறது என்று இயந்திரம் எண்ணியது.
பதினொன்று.

பாரமில்லாத பல் குறைவாகத்தான் உரசும்.
ஆகவே பதினொன்றுக்குக் குறையாது, அவ்வளவே சொல்லலாம்.
எஞ்சினில் நூற்றுப் பதின்மூன்று நிச்சயம்,
நூற்றிருபது இருக்கலாம்.
நடுவில் இருப்பது பனி.

"பதின்மூணுன்னே எழுதும்மா,
பாக்கி நாலாயிரத்துல பேரம் பேசலாம்."
"இருபதுக்கா, உன் வாயாலதானே சொன்னே!"

படுத்துக்கொண்டு அடியில் நுழைந்தேன், பட்டைகளை அவிழ்க்க.
டிஃபரன்ஷியல் குடத்தில் கை பட்டது. சுட்டது.
விறைத்திருந்த விரல்களை அங்கேயே வைத்திருந்தேன்,
தேவைக்கும் கொஞ்சம் அதிகமாக.

சீட்டில் 'சக்கரத்தில்' என்ற கட்டத்தில் 102 எழுதினேன்.
'எஞ்சினில்' என்ற கட்டத்தில் ஒரு கோடு.

இருவரும் ஒரே லாரியில் ஏறிப் போனார்கள்,
நாலாயிரத்தைப் பற்றிச் சத்தம் போட்டபடி.
சிப்காட் முனை திரும்பும்வரை கேட்டது.