எனக்கு அடிச்சவர்

பர்வானியா காவல் நிலையத்தில்
இது மூன்றாவது முறை.

முதல் முறை நான் இல்லை.
அன்று அவளுக்கு மொழிபெயர்த்தவன்
அவளை இறக்குமதி செய்த ஏஜென்சியின் டிரைவர்.
அவன் சொன்ன வரி இன்னும் கோப்பில் இருக்கிறது:
சம்பளத் தகராறு.

இரண்டாவது முறை நான் இருந்தேன்.
அதனால்தான் மூன்றாவது முறை.

நான் கோர்ட்டு ஆள் இல்லை.
டைப்பிங் சென்டரில் விசா விண்ணப்பம் அடிப்பவள்.
பக்கத்துக்கு முக்கால் தினார்.
காலை எட்டிலிருந்து அடிக்கிறேன், அடிக்கிறேன்,
எவருக்கும் வலிப்பதில்லை.

தவமலர். வாழைச்சேனை. வயது இருபத்தொன்பது.
காகிதத்தில் அவள்தான் குற்றவாளி.
'ஓடிப்போனவள்' என்று கஃபீல் கொடுத்த புகார்
அவள் புகாரைவிட நான்கு மணி நேரம் மூத்தது.

"சேர் எனக்கு அடிச்சவர்" என்றாள்.

என் காயல்பட்டினத்தில் அடி 'என்னை' விழும்.
அவள் ஊரில் 'எனக்கு'.
சோறு எனக்கு, சீலை எனக்கு, அடி எனக்கு,
அவள் பங்கை அளந்து கொடுத்ததைப் போல.
அரபியில் அதற்கு இடமில்லை. விட்டுவிட்டேன்.
கெட்டில் வயரைச் சுழற்றியவனுக்கும்
அவள் பிசகாமல் வைத்த
அந்த 'ர்', புள்ளியோடு,
அதையும் விட்டுவிட்டேன். நிம்மதியாகவே.

பிறகு தரையிடம் சொன்னாள்:
"இரவில கை வச்சவர்."

எனக்குப் புரிந்தது.
தமிழில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் புரியும்.
அந்தக் கை எங்கே என்று நாம் கேட்பதில்லை.
கேட்காதிருப்பதைத்தான்
நல்ல வளர்ப்பு என்றார்கள்.

அதிகாரி கேட்டார்.
கையா? எங்கே? தோளிலா?

கதவு திறந்திருந்தது.
லைசென்ஸ் தொலைத்த ஆறு ஆண்கள் வரிசையில்.
ஒருவன் போனைத் தாழ்த்திக்கொண்டு
காதை எங்கள் பக்கம் வைத்திருந்தான்.
அவள் வாய் திறக்கவில்லை.
ஆம், தோளில், என்றேன்
நான்.

கை தோளிலேயே நின்றது.
கோப்பு மூடியது.

பதினேழு இரவு அந்தத் தோள் என் தூக்கத்தில் கிடந்தது.
பிறகு நானே வந்து சொன்னேன்:
பிழை என்னுடையது, அவளுடையதல்ல,
மறுபடி எழுதுங்கள்.

இன்று வேறு அதிகாரி. முலாஜிம் வஜ்தான்.
முதலில் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.
நாற்காலியைத் திருப்பி
முதுகு சுவரைப் பார்க்கும்படி போட்டார்.
தண்ணீர் பாட்டிலின் மூடியைத் தளர்த்தி வைத்தார்.
என்னைக் கேட்டார்: நீ அவள் உறவா?
பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளரா?
இல்லை, இல்லை.
பெருமூச்சு விட்டார். பட்டியலில் தமிழுக்கு ஆளில்லை.
அப்படியானால், என்றார்,
அவள் சொல்வதை முதலில் அவள் எழுத்திலேயே எழுது.
அரபி பிறகு. இரண்டும் கோப்பில் இருக்கட்டும்.

அவள் ஒரு மணி நேரம் சொன்னாள்.
நடுவில் இரண்டு முறை கழிவறைக்குப் போனாள்.
யாரும் கடிகாரம் பார்க்கவில்லை;
நான் பார்த்தேன், பழக்கம்.

"கெடுத்தவர்" என்று வந்தபோது
என் பேனா நின்றது.
'அவன்' என்று போடக் கை துடித்தது.
அவள் வாக்குமூலத்தில் என் கோபத்தை அடிக்க
எனக்கு யார் தினார் கொடுத்தார்கள்?
'ர்' வைத்தேன். புள்ளியும் வைத்தேன்.

அரபிக்கு வந்தபோது 'கெட்டாள்' என்று சொல்லவில்லை.
எதுவும் கெடவில்லை அவளிடம்.
சட்டத்தில் அதற்கு ஒரு சொல் உண்டு.
இரவு தேடிப்பிடித்து
உள்ளங்கையில் எழுதி வந்திருந்தேன்.
வியர்வையில் பாதி அழிந்திருந்தது.
மீதியைப் படித்தேன், சத்தமாக.

வாசித்துக் காட்டினோம். "ஓம்" என்றாள்,
ஒவ்வொரு வரிக்கும்.
கையெழுத்தும் போட்டாள், மூன்று இடத்தில்.

'ஓடிப்போனவள்' இன்னும் நிற்கிறது.
அதற்கு வேறு அலுவலகம், வேறு கவுண்டர்,
ஞாயிறு காலை ஏழரைக்கு.

"நீங்க வருவீங்கதானே அக்கா?"

வருகிறேன் என்றேன்.
கடையில் இன்னும் சொல்லவில்லை.