பாளையங்கோட்டையில் படித்தவன்

வெட்டூர்ணிமடத்தில் ஒரு மாடி வீடு.
நாயைக் கட்டிவிட்டுத்தான்
கதவைத் திறந்தார் அந்த அம்மா.
ஃபிரிட்ஜ் இரண்டு நாளாகக் குளிரவில்லை.
உள்ளே சாளை கெட்டு
வாடை அடுக்களை தாண்டி வந்திருந்தது.

பின்பக்கம் திருப்பி
செம்புக் குழாயின் இணைப்புகளில்
சோப்பு நுரை தடவுகிறேன்.
கசிகிற இடத்தில் குமிழி வரும்.
வரும்வரை காத்திருக்க எனக்குத் தெரியும்.

"எங்க படிச்சே மக்ளே?"
"பாளையங்கோட்டையில."
"ஜான்ஸா, சேவியர்ஸா?"
"ரெண்டுக்கும் பக்கத்துல."
தம்பி மகனும் அங்கேதானாம்.
ஹாஸ்டல் சாப்பாடு வாயில் வைக்க முடியாதாம்.
ஆமாம் என்றேன்,
ஏழு வருடச் சோற்றை நினைத்து, மனதார.

அங்கே எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு ஃபிரிட்ஜ்.
கதவில் எந்த வீட்டுப் பிள்ளையோ ஒட்டிய
மயில் ஸ்டிக்கர், பாதி உரிந்து.
பதினெட்டுப் பேர்
மாறி மாறிப் பிரித்தோம், மாட்டினோம்.
ஒருநாளும் அது ஓடியதில்லை.
கேஸ் வாங்கும் காகிதம்
யாருடைய மேசையிலோ கையெழுத்துக்குக் கிடந்தது.
"இப்ப ஓடுதுன்னு வச்சுக்கிடுங்க" என்பார்
வாத்தியார் இன்னாசிமுத்து.
காதைக் கொடுத்து
ஓடுவதாக வைத்துக்கொள்வோம்.

சாயங்காலம் கருவிகளை எண்ணுவார்கள்.
இருபத்திமூன்று.
ஒருமுறை இருபத்திரண்டு.
பிளாக் முழுவதையும் குந்தவைத்து
பாய்களைக் கிழித்து
இருட்டும்வரை தேடிய ஸ்பேனர்
வாத்தியார் சட்டைப் பையிலேயே இருந்தது.
யாரும் சிரிக்கவில்லை.

கூலியில் ஒரு பங்கு பிடித்து
குறும்பனையில் ஒரு வீட்டுக்குப் போகும்.
வெளியே வந்தபின் அந்த ஊரிலிருந்து
இரண்டு முறை வேலைக்கு அழைப்பு வந்தது.
வேறு யாரோதான். வேறு தெருதான்.
கருங்கல் மெக்கானிக் நம்பரைக் கொடுத்துவிட்டேன்.

சான்றிதழில் 'பயிற்சி நடந்த இடம்' என்று
ஒரு வரி இருக்கிறது.
வடசேரி ஜெராக்ஸ் கடையில்
அதன்மேல் ஒரு துண்டு வெள்ளைத்தாளை
வைத்து எடுக்கச் சொன்னேன்.
கடைப் பையன் எதுவும் கேட்கவில்லை.
பழகின கைபோல
கோணாமல் வைத்தான்.

குமிழி வந்துவிட்டது. கடுகளவு.
பற்றவைத்து, காற்றை உறிஞ்சி,
கேஸ் ஏற்றி, சுவிட்சைப் போடுகிறேன்.
கம்ப்ரசர் ஒரு உதறு உதறி
முனகத் தொடங்குகிறது.
நூற்றுக்கு மேல் ஓட்டிவிட்டேன்,
ஆனாலும் ஒவ்வொரு முறையும்
அந்த மயில் ஒட்டியதுதான் ஓடுகிறது.

தரையில் துணி விரித்து
உதடு அசைய எண்ணுகிறேன்.
இருபத்திரண்டில் நிற்கிறது.
மறுபடி எண்ணுகிறேன்.
முதுகு நனைகிறது.

அந்த அம்மா உள்ளே பார்த்துச் சத்தம் போடுகிறார்:
"எலே அபிஷ்,
அந்த அண்ணனுக்க சாமானை எடுத்தியா?
நல்லா எண்ணிப் பாத்துக்கோ மக்ளே,
இந்த வீட்டுல
ஒருத்தனையும் நம்ப முடியாது."