இடப்பக்கத்துத் தேய்வு

முதலில் சவர்க்காரத் தண்ணீர்.
நாற்பது வருடக் கொழும்பு
துணியில் ஏறி வந்தது:
டீசல் புகை, தண்டவாளம் தாண்டி வரும் உப்பு,
யாருடையதோ முகப்பவுடர்.

வெள்ளவத்தை, கடற்பக்க ஒழுங்கை. போயா விடுமுறை.
நாலு கதவும் திறந்தபடி
செட்டை விரித்த கரப்பானாய் நிற்கிறது
என் பெட்டி லான்சர், எண்பத்தோராம் ஆண்டு.

பஞ்சிகாவத்தையில் ராஸிக் நானா
சிரித்தே அனுப்பிவிட்டார்.
"டேஷ்போட்டா? இதுக்கா?
ஜப்பான்காரனே மறந்திருப்பான் தம்பி.
இருக்கிறதத் தேய்ச்சுப் பூசுங்க."

பம்பர் முனைகள் சாம்பல் பூத்திருந்தன.
சூட்டுக் காற்றைப் பிடித்தால்
உள்ளிருந்து எண்ணெய் கசிந்து கறுப்புத் திரும்பும்,
மூன்று மாசத்துக்கு.
நரைக்குப் போடும் மைதான்.
தெரிந்துகொண்டே பிடித்தேன்.

டேஷ்போட் அப்படியில்லை, அதில் ஏமாற்ற முடியாது.
வெடிப்புக்குள் அப்பச்சோடா தூவி
மேலே சுப்பர் குளூ ஒரு சொட்டு விட்டால்
சட்டென்று புகைந்து கல்லாகிவிடும்.
அந்தக் கல்லைத் தட்டையாக்க ஒரு காலைப்பொழுது.
இருநூற்று நாற்பது சாண்ட்பேப்பர்,
பிறகு அறுநூறு, தண்ணீர் தொட்டுத் தொட்டு.

அப்போதுதான் கண்ணில் பட்டது.
இடப்பக்கம், பக்கத்து இருக்கைக்கு நேரே,
தோல்வரி அழிந்து மினுங்கும் ஒரு தேய்வு.
என் கையை வைத்துப் பார்த்தேன்.
நாலு விரல், ஓர் உள்ளங்கை.
என் கையைவிடச் சின்னக் கை.

சாரதிப் பயிற்சி வண்டி, என்று முடிவு கட்டினேன்.
அந்த இருக்கையில் ஓர் ஆளையும் ஏற்றினேன்:
ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் இரண்டு பேனை,
ஆயிரம் பேருக்குக் கிளச் விடக் காட்டிக்கொடுத்து
ஆயிரம் தடவை செத்துப் பிழைத்தவர்.
கால்விரிப்பைத் தூக்கி
இரண்டாவது பிரேக்குக்குப் போட்ட துளையைத் தேடினேன்.
இல்லை.
இல்லாவிட்டால் என்ன,
பாவம், கையாலேயே பிரேக் பிடித்திருக்கிறார்.

கதை பிடித்திருந்தது. தேய்ப்பதை நிறுத்தவில்லை.
பழுப்புத் தண்ணீரைக் கானில் ஊற்றினேன்.

நிறத்துக்கு அடையாளம் சாம்பல்கிண்ணத்தின் அடியில் கிடைத்தது,
வெயில் பார்க்காத ஒரு விரற்கடைப் பழுப்பு.
கிட்ட நின்று அடித்தால் வழுவழுப்பு.
இரண்டு முழம் தள்ளி நின்று அடித்தால்
துளிகள் காற்றிலேயே பாதி காய்ந்து விழுந்து
பழைய தோல்வரி போல ஒன்று வருகிறது.
பழையதேதான் என்று சொல்ல மாட்டேன்.

பொழுதுபட, வாகனப் புத்தகத்தில் ஒரு சந்தேகம்.
விற்றவர் கசிமிருக்குப் போன் எடுத்தேன்.
பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"சாரதிப் பயிற்சியோ? ஆர் சொன்னது!"
கொட்டாஞ்சேனையிலிருந்து சிரிப்பும் இருமலும்.
"அது பிலோமினாவின்ர கை.
காலி வீதியில நூறாம் நம்பர் பஸ்ஸைக் கண்டா
மாதாவே எண்டு அமத்துவா.
இருவத்தாறு வருசம்.
நான் ஒருநாளும் இடிச்சதில்ல.
அது தன்னாலதான் எண்டு அவவுக்கு நினைப்பு."

கொஞ்ச நேரம் லைனில்
அவர் வீட்டு மின்விசிறி மட்டும்.

"பூசிட்டீரோ?"
"பூசிட்டன்."
"நல்லது. வெயிலுக்கு ஒட்டுது ஒட்டுதெண்டு
ஏசிக்கொண்டே வருவா."

மூன்று நாள் தொடக் கூடாது என்றது டின்.
இரண்டாம் நாளே நிருபாவை ஏற்றினேன்.
"கை வைக்காதே, காயேல்லை."
இரண்டு கையையும் மடியில் பூட்டிக்கொண்டாள்,
பரீட்சை மண்டபத்துப் பிள்ளை மாதிரி.

பம்பலப்பிட்டிச் சந்தி.
வலப்பக்கத்திலிருந்து ஒரு சிவப்பு பஸ்
சிக்னலும் இல்லை, வெட்கமும் இல்லை, உள்ளே வெட்டியது.

டேஷ்போட் தப்பிவிட்டது.
கியர் போடும் என் கையில்
நாலு நகம்.