பிலக்ஸியில் அன்று ஐஸ் விற்கவில்லை

துறைமுகத்து ஐஸ் ஆலையில்
பதினாறு வருடமாக ரசீது எழுதுகிறேன்.
படகுக்கு இத்தனை டன், டன்னுக்கு இத்தனை டாலர்,
பாக்கி வைத்தால் சிவப்பு மை.
குளிர் என்பது
இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பது.
இந்தப் பக்கம் பிலக்ஸி. வேர்வை.

அந்த ஜனவரிச் செவ்வாய் காலை
கால் சில்லிட்டது.
அல்சீட் நெக்கேஸ்தான் கதவைத் திறந்துபோட்டுவிட்டான் என்று
திட்ட வாயெடுத்தேன்.
அவன் வாசலில் உள்ளங்கையை ஏந்தி நின்றான்,
சொல்லாத சரக்கு வந்திறங்கிவிட்ட முகத்தோடு.

பெய்தது.
மழைக்குக் காது கொடுத்தே பழகிய ஊர் இது;
சத்தமில்லாமல் ஒன்று விழுந்தால்
எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.
கொஞ்ச நேரம் எல்லாரும் தரையைப் பார்த்தோம்,
அப்புறம் ஒருவரையொருவர்.

உப்புத் தூவும் வண்டி எங்களிடம் கிடையாது.
கடற்கரை மணலை அள்ளிப் பாலத்தில் கொட்டினார்கள்.
பள்ளிக்கூடம் மூடியது, தபாலாபீஸ் மூடியது,
சூதாட்ட விடுதிகள் மட்டும் வழக்கம்போல் மினுங்கின.
யாரிடமும் அதற்கான உடுப்பில்லை:
அடுப்புக் கையுறை, பேஸ்பால் கையுறை,
காலுறையைக் கைக்கு மாட்டிய தேவாலயத்து மணிக்காரர்.
படகுத்துறைத் தூணில் ஒரு கூழைக்கடா,
தலையில் இரண்டங்குலப் பனியோடு,
புகாரை எந்த ஜன்னலில் கொடுப்பது என்று
யோசிப்பதுபோல.

பத்து மணிக்கு கேப்டன் ஃபாம் வந்தார்.
மூன்று வாரப் பாக்கி. நானும் கேட்கவில்லை,
அவரும் என் மேசையைப் பார்க்கவில்லை.
கையில் மண்வெட்டி.
உங்கள் முற்றத்தில் கிடப்பதை
அள்ளிக்கொள்ளலாமா, என்றார்.
'இறாலுக்கு இது தாங்காது, கேப்டன்.
பாதி வழியில் தண்ணீர்.'
'தெரியும்.'
தெரிந்தேதான் அள்ளினார்.
அல்சீடும் தள்ளுவண்டியோடு போய்ச் சேர்ந்துகொண்டான்.
பதினோரு நடை.
அன்று எங்கும் போகப்போகாத ஒரு படகின் வயிற்றை
இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து நிரப்பினார்கள்.
நான் ரசீது போட்டேன், கை சும்மா இருக்காது:
பனி, பதினோரு வண்டி.
விலை என்ற கட்டத்தில் பேனா நின்றது.
ஒரு கோடு இழுத்தேன்.

அவர் மகள் பெயர் ஙா.
அல்சீடின் நாக்கு அந்த எழுத்தில் வழுக்கி விழும்;
'மிஸ்' என்று கூப்பிட்டுச் சமாளிப்பான்.
ஏழு வயது, முழங்கை வரை ரப்பர் கையுறை.
ஓர் உருண்டையை என் மேசைமேல் வைத்தாள்.
அதில் மணல், சிப்பி உடைசல், ஓர் ஓக் இலை.
'ஜூலை வரைக்கும் வைக்க எவ்வளவு?'
'ஒரு குவார்ட்டர்.'
அவளிடம் இரண்டு இருந்தன.
இரண்டையும் வைத்தாள்.
ரொட்டிப் பையில் போட்டு, பெயரெழுதி,
பின்வரிசை மேல்தட்டில் ஏற்றினேன்.

மறுநாள் மதியத்துக்குள் ஊரெல்லாம் சேறு.
ஃபாமின் படகிலிருந்து பம்ப்
சாயங்காலம் வரை தண்ணீர் துப்பியது.

ஏப்ரலில் அந்தப் படகை விற்றார்.
எங்கிருந்தோ வந்த இறால் இங்குள்ள விலையைத் தின்றிருந்தது.
பாக்கியைச் சில்லறை வரை எண்ணி வைத்தார்;
சிவப்பு வரியின் மேல் கறுப்பில் நான் அடித்தேன்.
ஹூஸ்டனில் மைத்துனர் ஒருவர் என்றார்.
நகக் கடையோ என்னவோ.

கார்க் கதவைத் தொட்டால் விரல் கொப்பளிக்கும் ஜூலை.
யாரும் கேட்டு வரவில்லை.
ஒருநாள் உள்ளே போய்ப் பார்த்தேன்:
கோழிமுட்டை அளவுக்குச் சுருங்கி, கல்லாகி,
நாங்கள் விற்பதைவிட அழுக்காக.
இலை மட்டும் பச்சை.

போன வாரம் சுகாதார ஆய்வாளர்
பையை இரண்டு விரலால் தூக்கினார். இது என்ன?
வாடிக்கையாளர் சரக்கு, என்றேன்.
பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினேன்.
அடுத்த ஜூலை வரை
வாடகை கட்டியிருக்கிறது.